தருமபுரி, கிருஷ்ணகிரி உழவர் சந்தைகள்: கீரைக்கும் தக்காளிக்கும் போங்கள், வெங்காயத்துக்கு வேண்டாம்

வீட்டுக்குத் தேவையான எல்லாக் காயையும் ஒரே நடையில் உழவர் சந்தையில் வாங்கிவிடலாம் என்று கிளம்பினால் பாதி ஏமாற்றம்தான் மிஞ்சும். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம், அரூர், இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஓசூர் என்று எந்தச் சந்தைக்குப் போனாலும் கணக்கு ஒன்றுதான். சுற்றுவட்டாரத்தில் விளைந்து, முந்தின நாள் சாயங்காலமோ அன்று விடியலிலோ பறித்தது என்றால் இந்தச் சந்தைக்கு ஈடு கிடையாது. கீரை, தக்காளி, கத்திரி, வெண்டை, பீர்க்கன், புடலை, பருவத்தில் அவரை இவற்றுக்காகவே வாரம் இரண்டு முறை போகலாம். பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, பூண்டு இங்கே ஏதாவது ஒரு கடையில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் லாரியில் வந்ததுதான். அதைத் தெரு முனைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், சுமை மிச்சம்.

முதலில் விலைப் பலகையைப் பாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. விவசாயிக்குக் கடை இலவசம், தராசும் சந்தையே கொடுக்கும், நடுவில் தரகர் கிடையாது. விலையை அன்றன்று வேளாண் விற்பனைத் துறை அலுவலர்கள் நிர்ணயிக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிக்கடைச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது பொதுக் கணக்கு. மொத்த மண்டியில் கத்திரி கிலோ 20 ரூபாய், தெருக்கடையில் 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பலகையில் 24, 25 என்று எழுதியிருக்கும். விவசாயிக்கு மண்டியைவிட நாலு ரூபாய் அதிகம், நமக்குக் கடையைவிட அஞ்சு ரூபாய் குறைவு.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. பலகையில் கத்திரிக்கு ஒரே விலை, கடைகளிலோ பத்து விதமான கத்திரி. காலையில் பறித்ததும் அதே விலை, நேற்று விற்காமல் மிஞ்சியதும் அதே விலை. ஆகவே இங்கே பேரம் பேசுவதில் லாபம் இல்லை, பொறுக்குவதில்தான் லாபம். ஒரு சுற்று முழுக்க நடந்து பார்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் வாங்குங்கள். முதல் கடையிலேயே பையை நிரப்புகிறவர்கள் நாலு கடை தள்ளிப் பனி ஈரத்தோடு இருக்கும் காயைப் பார்த்து அப்புறம் வருத்தப்படுவார்கள்.

விற்கிறவர் விவசாயியா வியாபாரியா என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சந்தையில் விற்க விவசாயிக்குப் புகைப்படத்தோடு அடையாள அட்டை கொடுப்பார்கள், நிலத்தையும் பயிரையும் பார்த்துக் கொடுக்கும் அட்டை அது. அதைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நமக்குக் கூச்சமாக இருக்கும். அதைவிடக் கடையைப் பாருங்கள். ஒரு விவசாயியிடம் ஒரே நாளில் மூன்று, நாலு வகைக் காய்க்கு மேல் இருக்காது. அளவும் ஒரே மாதிரி இருக்காது, பெரிதும் சிறிதும் கலந்து, ஒன்றிரண்டு கோணல் காயும் கிடக்கும். பன்னிரண்டு வகைக் காய், எல்லாம் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு, ஓரத்தில் வெங்காய மூட்டை என்றால் அது மண்டிச் சரக்கு. இன்னும் சந்தேகம் இருந்தால், “எந்த ஊருங்கண்ணா? எப்ப பறிச்சது?” என்று கேட்டாலே போதும். விளைவித்தவர் ஊர்ப் பெயரோடு நிற்க மாட்டார், இது மூணாவது பறிப்பு, இன்னும் பத்து நாளில் கொடி முடிந்துவிடும் என்பதுவரை சொல்வார். ஆனால் ஒன்று, அண்ணன் தம்பி தோட்டத்துக் காயையும் சேர்த்து ஒருவரே கொண்டுவந்து விற்பது சகஜம். ஆறேழு வகை இருந்த உடனே வியாபாரி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

நேரம் மிக முக்கியம். விடிவதற்கு முன்பே சந்தை கூடிவிடும். அந்த நேரத்தில் ஓட்டல்காரர்களும் சில்லறைக் கடைக்காரர்களும் மொத்தமாக அள்ளுவார்கள், வீட்டுக்கு வாங்குகிறவர் அங்கே நின்று பொறுக்க முடியாது. ஆறரையிலிருந்து எட்டுக்குள் போவது சரி. கீரை அந்த நேரத்துக்குள் வாங்கியாக வேண்டும். ஒன்பதரைக்கு மேல் கீரைக் கட்டு தலை தொங்கிவிடும், தண்ணீர் தெளித்து நிமிர்த்தி வைத்திருப்பார்கள். அதே ஒன்பதரைக்கு மேல் தக்காளி, பூசணி, சுரைக்காய் வாங்குகிறவருக்கு லாபம். மூட்டையைத் திரும்பச் சுமந்து பஸ் ஏற யாருக்கும் மனம் வராது, கூறு கட்டிக் குறைத்துக் கொடுத்துவிடுவார்கள். முந்தின இரவு நல்ல மழை பெய்திருந்தால் அன்று போவதைத் தள்ளிப்போடுங்கள். சேற்றில் இறங்கிப் பறிக்க முடியாமல் வரத்து பாதியாகிவிடும், நனைந்து பறித்த காயும் இரண்டாம் நாளே அழுகும். அமாவாசை, புரட்டாசிச் சனி, பொங்கலுக்கு முந்தின மூன்று நாள் இவற்றில் வாழைக்காய், பூசணி, அவரை, கொத்தவரை எல்லாம் விலை ஏறும். அந்த நாட்களுக்கு வேண்டியதை இரண்டு நாள் முன்பே வாங்கிவைக்கலாம், இவை தாங்கும்.

இனிக் கீரை. இந்த இரண்டு மாவட்டத்திலும் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசல் இல்லாமல் வீடு நடக்காது. அதனால் கீரை வகையில் இந்தச் சந்தைகள் பெரிய ஊர்ச் சந்தைகளையே தோற்கடிக்கும். முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, மணத்தக்காளி எல்லாம் வருஷம் முழுக்க உண்டு. கட்டைக் கையில் எடுத்ததும் மேலே தெரியும் இலையைப் பார்க்காதீர்கள், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். கட்டு போட்ட கயிற்றுக்குள் இரண்டு விரலை நுழைத்து நடுத்தண்டைத் தொட்டுப் பாருங்கள். நடுவில் கதகதப்பாக இருந்தால் முந்தின நாள் மதியமே அறுத்து, கட்டி, மூட்டையில் அடைத்தது. உள்ளே அவிந்துகொண்டிருக்கிறது, சாயங்காலத்துக்குள் குழைந்துவிடும். நடுவும் குளிர்ந்து, வேரில் ஈரமண் உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தால் காலையில் பிடுங்கியது. தண்டு நுனியிலிருந்து நாலு விரல் கீழே ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், நார் இழுத்தால் முற்றல். இலையின் அடிப்பக்கம் வெள்ளைப் பொட்டு பொட்டாகக் கொப்புளம் மாதிரி இருந்தால் அது வெண்துரு நோய். முளைக்கீரையில் குளிர் காலத்தில் நிறைய வரும், அந்தக் கட்டு வேண்டாம். இலையில் ஓட்டை இருந்தால் மருந்தடிக்காத கீரை என்று நம்பி வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டை போட்ட பிறகும் மருந்தடிக்கலாம், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கடைசி மருந்து எப்போது அடித்தீர்கள் என்று நேராகக் கேளுங்கள். கீரை விதைத்து இருபத்தைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும் பயிர், கேட்டால் நாள் கணக்கோடு பதில் வரும்.

மழைக்குப் பின்னே இன்னொரு கீரை வரும், அதற்குத்தான் காத்திருக்க வேண்டும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குப்பைக்கீரை, பருப்புக்கீரை என்று யாரும் விதைக்காமல் மானாவாரிக் கொல்லையில் முளைத்தவை. வயதான அம்மாக்கள் கிள்ளிக் கொண்டுவந்து வாசலோரம் சாக்கு விரித்துக் குவித்து வைத்திருப்பார்கள். எல்லாம் கலந்த கலவைக்கீரையைக் கைப்பிடி அளவில் கொடுப்பார்கள், எடை கிடையாது. நாலு பேருக்கு மூன்று கைப்பிடி வேண்டும், வெந்தால் ஒரு கிண்ணம்தான் வரும். இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: “எந்தக் கொல்லையில கிள்ளுனதும்மா, களைக்கொல்லி அடிச்ச இடமா?” கீரையாக நாம் தின்பது அந்த நிலத்துக்காரருக்குக் களை. வரப்போரமும் கரும்புத் தோட்டத்து ஓரமும் களைக்கொல்லி படும் இடங்கள். ராகி, சாமைக் கொல்லையில் கையால் களை எடுக்கும்போது கிள்ளியது என்றால் தயங்காமல் வாங்கலாம்.

தக்காளிக்கு வருவோம். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, ராயக்கோட்டைப் பக்கம் விளையும் தக்காளி பெட்டி பெட்டியாக வெளியூர் போவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் லாரி ஏறும் தக்காளி வேறு, சந்தைக்கு வரும் தக்காளி வேறு. இரண்டு நாள் பயணத்துக்கு அனுப்புவதைச் செங்காயாக, அதாவது அடியில் லேசாகச் சிவப்பு தட்டும்போதே பறித்தாக வேண்டும். செடியிலேயே முழுதாகப் பழுத்ததை வியாபாரி எடுக்க மாட்டார், வழியில் நசுங்கிவிடும். அப்படி ஒதுங்கும் பழம்தான் உழவர் சந்தைக்கு வருகிறது. மண்டிக்கு உதவாதது என்று அதைத் தாழ்வாக நினைக்கக் கூடாது. செடியில் பழுத்ததற்குத்தான் புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சாறு இருக்கும், ரசத்துக்கு அதுதான் வேண்டும்.

நாட்டுத் தக்காளி தட்டையாக, ஓரம் மடிப்பு மடிப்பாக, தோல் மெல்லிசாக இருக்கும். புளிப்பு நன்றாகத் தூக்கும், ஆனால் மூன்றாம் நாள் தாங்காது. ஹைப்ரிட் நீள உருண்டை, தோல் தடிப்பு, சதை அதிகம், ஒரு வாரம் கிடக்கும். நாலு பேர் வீட்டுக்கு மூன்று நாளைக்கு ஒன்றரைக் கிலோ என்றால், அரைக் கிலோ நாட்டுப் பழம், ஒரு கிலோ ஹைப்ரிட் செங்காய் என்று பிரித்து வாங்குங்கள். காம்புக் குழியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே குண்டூசித் தலை அளவு ஓட்டை இருந்தால் உள்ளே காய்ப்புழு. அடிப்பக்கம் கறுத்துத் தோல் போல உள்வாங்கியிருந்தால் பூச்சி இல்லை, தண்ணீர் விட்டு விட்டுப் பாய்ந்ததால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத கோளாறு. அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம், விலை குறைத்துக் கொடுத்தால் வாங்கலாம். மழைக் காலத்தில் காம்பைச் சுற்றி மேல்பக்கம் வெடித்த பழம் நிறைய வரும். அன்றே தொக்கு செய்வதானால் மட்டும் அதை எடுங்கள். நகத்தால் அழுத்திப் பார்க்கிற பழக்கம் வேண்டாம், நீங்கள் அழுத்தி வைத்துவிட்டுப் போன பழம் அடுத்தவர் கையில் அழுகும்.

மற்ற காய்கள் சுருக்கமாக. கத்திரி அளவுக்கு எடை குறைவாக, கையில் லேசாகத் தெரிந்தால் பிஞ்சு, கனத்தால் விதை. மேல்தொப்பி பச்சையாகக் காயோடு ஒட்டியிருக்க வேண்டும். வெண்டையின் நுனியை ஒடித்து ஒடித்துப் போடுவது விவசாயிக்கு நஷ்டம், ஆட்காட்டி விரல் நீளத்துக்குள் மேலே பூனை முடி தெரிவதாக எடுத்தாலே இளசுதான். முருங்கையை லேசாக முறுக்கினால் வளைந்து கொடுக்க வேண்டும். பீர்க்கனில் வரம்பு கூர்மையாக, நுனி வாடாமல் இருக்க வேண்டும். சுரைக்காயில் நகம் பட்டதும் இறங்கினால் பிஞ்சு. சுரைக்காய், பீர்க்கன், வெள்ளரி மூன்றையும் சமைக்கும் முன் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் அப்படியே குப்பைக்குத்தான். கசப்புச் சுரைக்காய் வாந்தி, வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாக முடிந்திருக்கிறது. வேகவைத்தாலும் அந்தக் கசப்பின் நஞ்சு போகாது.

மரவள்ளிக் கிழங்கு வாங்குவதில்தான் பலர் தவறுகிறார்கள். இந்தப் பக்கம் மரவள்ளி பெரும்பாலும் ஜவ்வரிசி ஆலைக்குப் போகிற பயிர். ஆலைக்கான ரகங்களில் மாவு அதிகம், கசப்பும் அதிகம். “வேகவைக்கிற கிழங்கா, மில்லுக்குப் போறதா?” என்று கேட்டே வாங்க வேண்டும். ஒரு கிழங்கை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் புதிது, நீலமும் கறுப்புமாகக் கோடு ஓடியிருந்தால் தோண்டி இரண்டு நாளுக்கு மேல் ஆகிவிட்டது. வீட்டில் தோலையும் அடுத்த ரோஸ் நிறப் பட்டையையும் முழுக்க உரித்து, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். பச்சையாகக் கடித்துப் பார்க்கக் கூடாது.

ஓசூர் தனிக் கதை. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், தருமபுரி அதில் பாதிதான். தளி, தேன்கனிக்கோட்டை, சூளகிரிப் பக்கம் பீன்ஸ், முட்டைக்கோஸ், பீட்ரூட், குடைமிளகாய், கொத்தமல்லி, புதினா எல்லாம் அங்கேயே விளைகின்றன. ஆகவே தருமபுரியில் மலைக் காய் என்று ஒதுக்க வேண்டியதை ஓசூரில் உள்ளூர்க் காயாக வாங்கலாம். பீன்ஸை இரண்டாக ஒடித்தால் ஓசையும் வர வேண்டும், ஒடிந்த இடத்தில் ஈரமும் மினுங்க வேண்டும். சூளகிரிக் கொத்தமல்லியை வேரோடு வாங்குங்கள். வேரை வெட்டாமல் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் நாலு நாள் வரும், வேர் நறுக்கியது இரண்டாம் நாளே மஞ்சளாகும். அந்தச் சந்தையில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். “எந்தக்கா?” என்று தெலுங்கில் விலை கேட்டால் ஒரு சிரிப்போடு நாலு கறிவேப்பிலைக் கொத்து கொசுறாக விழும்.

மாம்பழத்துக்கு உழவர் சந்தையை நம்ப வேண்டாம், வரும் அளவு குறைவு. சீசனில் கிருஷ்ணகிரிச் சாலையோரத் தோப்புக் கடைகளில்தான் தேர்வு அதிகம். ஏப்ரலில் செந்தூரா ஆரம்பிக்கும், மேயில் அல்போன்சாவும் பங்கனபள்ளியும், அப்புறம் மல்கோவா, ஜூன் ஜூலையில் பெங்களூராவும் நீலமும். பழமாக வாங்காமல் முற்றின காயாக வாங்கி வீட்டில் பழுக்க வைப்பதே நல்லது. முற்றியதா என்று தெரிய ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் போதும். முற்றின காய் மூழ்கும், பிஞ்சு மிதக்கும். மிதப்பதை ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்ளுங்கள், அது எத்தனை நாள் வைத்தாலும் சுருங்குமே தவிர இனிக்காது. வைக்கோலுக்குள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் வைத்தால் நாலு, அஞ்சு நாளில் காம்பைச் சுற்றி வாசனை வரும். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பதைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தோல் எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சளாக இருந்து, மூக்கில் வாசனையே இல்லாமல், வெட்டினால் கொட்டையோரம் வெளிறிப் புளித்தால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

ராகி, சாமை சில உழவர் சந்தைகளில் மகளிர் குழுக்கள், உழவர் குழுக்களின் கடையில் கிடைக்கும். ராகியைத் தானியமாகவே வாங்கி அரைத்துக்கொள்வது மேல். தானியம் வருஷக்கணக்கில் கெடாது, மாவு ஒரு மாதத்துக்கு மேல் ருசி இறங்கும். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து ஊதிப் பாருங்கள், உமியும் தூசியும் பறப்பதை வைத்தே எவ்வளவு சுத்தம் செய்திருக்கிறார்கள் என்று தெரியும். கல் இருக்கிறதா என்று ஊதினால் தெரியாது, அரித்தால்தான் தெரியும். அரித்து, நிழலில் உலர்த்தி மில்லுக்கு அனுப்புங்கள். சாமையை வெள்ளை வெளேரென்று தீட்டியது வேண்டாம், மங்கலான பழுப்பு ஒட்டியிருப்பதுதான் சத்து. ஆனால் அந்தத் தவிட்டில் எண்ணெய் இருப்பதால் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை வந்துவிடும். ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

தராசைப் பற்றி இரண்டு வார்த்தை. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை போட்டாக வேண்டும், முத்திரைத் தகடு தராசின் ஓரத்தில் இருக்கும். காய் போடும் கூடையை வைத்த பிறகு எண் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்த பின்பே காயைப் போடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் சண்டை வேண்டாம். பையில் ஒரு கிலோ உப்புப் பாக்கெட் இருந்தால் அதைத் தராசில் வையுங்கள், கவர் எடையோடு ஒரு கிலோவுக்குச் சில கிராம் கூடக் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினாலும் நிறையக் கூட்டிக் காட்டினாலும் தராசில் கோளாறு. சந்தையிலேயே நிர்வாக அலுவலர் அறை இருக்கும், அங்கே சொல்லலாம். பலகை விலைக்கு மேல் கேட்டாலும் அதே அறைதான். கூகுள் பே அட்டை நிறையக் கடையில் தொங்குகிறது, ஆனாலும் பத்தும் இருபதுமாகச் சில்லறை கொண்டுபோவது நல்லது. காலை ஏழு மணி நெரிசலில் பணம் ஏறியதா என்று காத்து நிற்பது இரண்டு பேருக்கும் சிரமம். 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, ஆகவே துணிப்பை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று கனமான காய்க்கு, ஒன்று கீரைக்கும் தக்காளிக்கும்.

குறை இல்லாமல் இல்லை. பொதுவாக இந்தச் சந்தைகளுக்கு வெளியே, வாசலை அடைத்துக்கொண்டு தரைக் கடைகள் போட்டுவிடுகிறார்கள். உள்ளே வரிசையில் விவசாயி உட்கார்ந்திருக்க, வண்டியை நிறுத்தக்கூட இறங்காமல் வெளியிலேயே வாங்கிப் போகிறவர்கள் அதிகம். விலை ஒரு ரூபாய் குறைவாகத் தெரியும், பலகையும் கிடையாது, தராசுக்கும் பொறுப்பாளி கிடையாது. கொஞ்சம் நடந்து உள்ளே போங்கள். கடைசி வரிசைக் கடைகளுக்கு ஆள் வருவதே குறைவு, அங்கேதான் நல்ல காய் ஒன்பது மணிவரை மிஞ்சியிருக்கும். மழை நாளில் தரை வழுக்கும், வண்டி நிறுத்த இடம் போதாது. வயதானவர்களை எட்டரைக்கு மேல் அழைத்துப் போவது நல்லது. வாரச்சந்தையோடு ஒப்பிட்டால், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் கோழி முதல் விதைவரை எல்லாம் கிடைக்கும், பேரமும் பேசலாம். ஆனால் விவசாயியும் வியாபாரியும் கலந்து உட்கார்ந்திருக்கும் இடம் அது. காய்க்கு உழவர் சந்தை, மற்றதற்கு வாரச்சந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் பையை அப்படியே மூலையில் வைத்துவிட்டால் காலையில் எழுந்து போன பலன் போய்விடும். முதல் வேலை கீரைக் கட்டைப் பிரிப்பது. வேரை நறுக்கி, அழுகிய இலையைக் களைந்து, கழுவாமல் உலர்ந்த துணியில் தளர்வாகச் சுற்றுங்கள். கழுவுவது சமைக்கும்போதுதான். தக்காளிச் செங்காயைக் காம்புக் குழி கீழே இருக்கும்படி தட்டில் பரப்புங்கள், அந்தக் குழி வழியாகத்தான் ஈரம் போகும். பழுக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைத்தால் ருசி நின்றுவிடும்.

கடைசியாக அவரை. கார்த்திகை பிறந்து பனி இறங்க ஆரம்பித்ததும், டிசம்பரிலிருந்து ஜனவரி முடியும்வரை, சந்தைக்குள் நுழைந்த உடனே மூக்கு சொல்லிவிடும். காய்கறிக் கடையில் பொரியலுக்கு வாங்கும் பட்டை அவரை இல்லை இது, கொட்டைக்காக வாங்கும் அவரை. சில ஊரில் மொச்சை என்பார்கள். பனியில் நனைந்த காயைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் எண்ணெய் மாதிரி ஒரு பிசுக்கு ஒட்டும், அந்தப் பிசுக்கில்தான் வாசனை முழுவதும் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சாயங்காலம்வரை கையில் மணக்கும். பிசுக்கு ஒட்டாத காய் பழையது, அல்லது பனி விழாத நாளில் பறித்தது. அதைக் குழம்பு வைத்தாலும் வெறும் பயறுக் குழம்பாகத்தான் இருக்கும்.

காயின் மேல் கொட்டை புடைத்துத் தெரிய வேண்டும், தோல் இன்னும் பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் தட்டினால் கொட்டை முற்றி மாவாகிவிட்டது. ஓரம் ஊதா ஓடியிருப்பது ரகத்தின் இயல்பு, குறையில்லை. சிறு ஓட்டை இருந்தால் உள்ளே புழு. பத்துக் காயில் ஒன்று அப்படி இருப்பது சகஜம், மூன்று இருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள். கிலோ காய்க்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத்தான் கொட்டை வரும், அதையும் பிதுக்கினால் தோல் போக இன்னும் குறையும். நாலு பேருக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு, களி என்றால் ஒன்றரைக் கிலோ காய் வேண்டும். உரித்த கொட்டையாகவும் படியில் அளந்து விற்பார்கள். வேலை மிச்சம்தான், ஆனால் உரித்ததும் வாசனை பாதி போய்விடும், எப்போது உரித்தது என்றும் தெரியாது. காயாகவே வாங்கி அன்று மதியமே உரித்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் பிசுக்கும் இருக்காது, மணமும் இருக்காது. உரித்த கொட்டையை இரவு தண்ணீரில் போட்டால் காலையில் இரண்டு விரலுக்கிடையே வைத்து அழுத்தினாலே பருப்பு துள்ளி வெளியே வரும். எட்டு மணி நேரம் போதும், அதற்கு மேல் ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளிக்க ஆரம்பித்துவிடும்.